சரியாக எழுதியவரைத் திரை மறுத்தால்: கோ மொழியில் ஸ்ட்ரக்ட் புலங்களின் சரிபார்ப்புப் பிழைகள்

தைப்பூசத்தின்போது பினாங்கில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள் நிற்கும். அவற்றில் ஒரு பந்தலுக்குத் தொண்டர்களைப் பதிவு செய்யும் செயலியை எழுதியதும் ஆண்டுதோறும் பராமரித்து வருவதும் நான்தான். சர்வர் பக்கம் கோ மொழியும் ஜின் சட்டகமும். உள்ளே வரும் தரவைச் சரிபார்ப்பது, கோ மொழியில் எழுதுவோர் பலரும் கையாளும் வேலிடேட்டர் லைப்ரரியின் பத்தாம் பதிப்பு. ஸ்ட்ரக்டில், அதாவது பல புலங்களை ஒன்றாக வைத்திருக்கும் தரவு வகையில், ஒவ்வொரு புலத்தின் பக்கத்திலும் ஒரு டேக் (சிறு குறிப்பு) எழுதி, அதில் விதிகளைக் காற்புள்ளியிட்டு வைத்தால் போதும். எழுதுவது எளிது என்பதாலேயே யோசிக்காமல் எழுதிவிடுகிறோம்.

பதிவு மேசையிலிருந்து எனக்கு வந்த புகார்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றில் படிவத்தை நிரப்பியவர் சரியாகவே எழுதியிருந்தார்; நான் ஒட்டிய விதிதான் அவரை மறுத்தது. தன் பெயரையும் பிறந்த நாளையும் சரியாகச் சொன்ன ஒருவரிடம் ‘செல்லாது’ என்று திரை சொல்வது சிறிய விஷயம் இல்லை. அதனால்தான் அந்த நோட்டை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். உங்களிடம் வந்த புகார் எந்தத் தலைப்போடு ஒத்துப்போகிறதோ அங்கிருந்து படிக்கலாம். விதிப் பெயர்களை ஒலிப்படியே தமிழில் எழுதியிருக்கிறேன். நிரலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

எந்தப் புகாரானாலும் முதலில் செய்யவேண்டியது

விதியில் கை வைக்காதீர்கள். மறுத்தது யார் என்று பாருங்கள். படிவத்திலிருந்து வரும் ஜேசான் (பெயரும் மதிப்புமாக எழுதிய உரைத் தரவு) முதலில் ஸ்ட்ரக்டாக மாற்றப்படுகிறது. அதன் பிறகுதான் வேலிடேட்டர் அதைத் தொடுகிறது. வயது என்ற புலம் முழு எண்ணாக இருக்க, படிவம் அதை மேற்கோள் குறிக்குள் வைத்து அனுப்பினால், மாற்றும் கட்டத்திலேயே பிழை வந்துவிடும். அப்போது வேலிடேட்டர் ஓடியே இருக்காது. விதிகளை மணிக்கணக்கில் மாற்றிக்கொண்டிருந்தாலும் அதே பிழைதான் வரும். கிடைத்த பிழை ஜேசான் தொகுப்பின் வகையா, வேலிடேட்டரின் வகையா என்பதை எரர்ஸ் தொகுப்பின் ஆஸ் செயற்கூறைக் கொண்டு பிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, வந்து சேர்ந்த மதிப்பை அச்சிட்டுப் பாருங்கள். முழு ஸ்ட்ரக்டையும் புலப் பெயர்களோடு காண பிரிண்ட்எஃப் செயற்கூறில் சதவீதக் குறி, கூட்டல் குறி, ‘வி’. ஒரு சரத்தை மட்டும் ஆராய சதவீதக் குறி, கூட்டல் குறி, ‘கியூ’. இரண்டாவது வடிவம் அருமையானது: ஆஸ்கி அல்லாத ஒவ்வொரு குறியையும் அதன் யூனிகோடு எண்ணாகக் காட்டும். வாட்ஸ்ஆப்பிலிருந்து ஒட்டிய பெயருக்குள் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒளிந்திருந்தால் இதில் அகப்பட்டுவிடும். இந்த அச்சிடலைச் சோதனைக் கணினியில், கற்பனைத் தரவோடு மட்டுமே செய்யுங்கள். மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது என்றாலும், பந்தலுக்குத் தண்ணீர் ஊற்ற வருகிறவரின் அடையாள அட்டை எண்ணையும் லாக் கோப்பில் கிடக்க விடக்கூடாது.

“எதை எழுதினாலும் ஏற்றுக்கொள்கிறது”

இதுதான் மிகவும் ஆபத்தானது. யாரும் புகார் செய்யமாட்டார்கள். பட்டியலை அச்சடிக்கும்போதுதான் தெரியவரும்.

ஜின் சட்டகத்தின் பைண்ட் செயற்கூறுகள் பார்ப்பது ‘பைண்டிங்’ என்ற டேக்கை. வேலிடேட்டரைத் தனியாக அழைக்கும்போது அது பார்ப்பது ‘வேலிடேட்’ என்ற டேக்கை. ஒன்றுக்குரிய பெயரை மற்றொன்றில் எழுதிவிட்டால் பிழை எதுவும் வராது. விதி வெறுமனே தூங்கும். டேக்கிலேயே எழுத்துப் பிழை இருந்தாலும் இதே கதைதான். ஜேசான் டேக்குக்கும் சரிபார்ப்பு டேக்குக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் மட்டுமே இருக்கவேண்டும். அங்கே காற்புள்ளி வைத்தாலோ, முக்காற்புள்ளிக்குப் பின் இடம் விட்டாலோ, வளைந்த மேற்கோள் குறியை ஒட்டிவிட்டாலோ கோ அந்த டேக்கைப் படிக்காமல் கடந்து போகும். ‘கோ வெட்’ கட்டளை டேக்கின் இத்தகைய வடிவப் பிழைகளைப் பிடித்துக் கொடுக்கும். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அது தானே ஓடும்படி எடிட்டரை அமைத்துக்கொள்ளுங்கள்.

புலத்தின் பெயர் சிற்றெழுத்தில் தொடங்கினால் அது தொகுப்புக்கு வெளியே தெரியாது. ஜேசானும் நிரப்பாது, வேலிடேட்டரும் பார்க்காது.

குழுப் பதிவில் மட்டும் ஓட்டை இருந்தால் ‘டைவ்’ விதியைத் தேடுங்கள். எங்கள் பந்தலுக்குப் பிறை என்ற ஊரிலிருந்து ஒருவர் தம் குழுவில் 8 பேரைச் சேர்த்து ஒரே படிவமாக அனுப்புவார். உறுப்பினர் பட்டியல் ஒரு ஸ்லைஸ், அதாவது நீளம் மாறக்கூடிய வரிசை. ஸ்லைஸின் மீது ‘ரிக்வயர்டு’ என்று மட்டும் எழுதினால், பட்டியல் நில்லாக (எதுவுமே தரப்படாததாக) இல்லை என்பதோடு வேலிடேட்டர் நின்றுவிடும். உள்ளே இருக்கும் 8 பேரின் பெயரையும் எண்ணையும் திறந்துகூடப் பார்க்காது. வெறும் சதுர அடைப்புக்குறியை அனுப்பினாலும் ‘ரிக்வயர்டு’ ஏற்றுக்கொள்ளும். ‘ரிக்வயர்டு’, ‘மின்’ சமம் 1, ‘டைவ்’ என்ற வரிசையில் எழுதுங்கள். டைவுக்கு முன் வருபவை பட்டியலுக்கான விதிகள்; பின் வருபவை பட்டியலின் ஒவ்வோர் உறுப்புக்குமான விதிகள்.

இன்னொன்று: ஒரே ஒரு வெற்றிடத்தைத் தட்டிய பெயரும் ‘ரிக்வயர்டு’ விதியைக் கடந்துவிடும், ஏனெனில் அது காலிச் சரம் இல்லை. முன்னும் பின்னும் இருக்கும் வெற்றிடத்தை வெட்டிய பிறகே சரிபார்ப்புக்கு அனுப்புங்கள்.

“நிரப்பியிருக்கிறேன், ஆனால் கட்டாயம் நிரப்பவேண்டும் என்கிறது”

ஜேசானில் வரும் பெயரும் டேக்கில் எழுதிய பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கோவின் ஜேசான் தொகுப்பு பொறுத்துக்கொள்ளும், அடிக்கோட்டைப் பொறுத்துக்கொள்ளாது. தெரியாத புலங்களை அனுமதிக்காதே என்று ஜேசானைப் படிக்கும் டிகோடரிடம் சொல்லிவைத்தால் இத்தகைய பிழை உடனே வெளிப்படும்.

பெயர் ஒன்றாக இருந்தும் மறுத்தால், வந்த மதிப்பு 0 அல்லது ‘ஃபால்ஸ்’ ஆக இருக்கும். ‘ரிக்வயர்டு’ என்பதற்கு இந்த லைப்ரரியில் பொருள் “அந்த வகையின் பூச்சிய மதிப்பாக இருக்கக்கூடாது” என்பது. எங்கள் படிவத்தில் ‘வண்டி ஓட்டத் தெரியுமா’ என்ற கேள்வி உண்டு. அதற்கு ‘இல்லை’ என்று குறித்த அத்தனை பேரும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். உடன் வரும் குழந்தைகள் 0 என்றவர்களுக்கும் அதே நிலை. புலத்தைப் பாயிண்டராக, அதாவது மதிப்பு இருக்கும் இடத்தைச் சுட்டுவதாக, மாற்றினால் சரியாகிவிடும். அப்போது அனுப்பாமல் விட்டது நில். ‘இல்லை’ என்று அனுப்பியது ஃபால்ஸைச் சுட்டும் பாயிண்டர். ‘ரிக்வயர்டு’ நில்லை மட்டும் மறுக்கும்.

“என் பெயரை ஏற்கவில்லை”

இந்தப் புகார் வந்தால் வேறு வேலையை நிறுத்திவிட்டு இதைக் கவனியுங்கள்.

பெயர்ப் புலத்தில் ‘ஆல்ஃபா’ என்ற விதி இருந்தால் ஆங்கில எழுத்துகள் மட்டும்தான் செல்லும், வெற்றிடம்கூடச் செல்லாது. மலேசிய இந்தியர் பலரின் அடையாள அட்டையில் தம் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவில் ஏ, சாய்கோடு, எல் அல்லது ஏ, சாய்கோடு, பி இருக்கும். அனாக் லெலாக்கி (மகன்), அனாக் பெரெம்புவான் (மகள்) என்பவற்றின் சுருக்கம். சாய்கோட்டை மறுக்கும் படிவம் இந்த ஊரில் ஒரு சமூகத்தின் பெயர் வழக்கையே மறுக்கிறது. மாற்றுப் பெயரைக் காட்ட ‘அட்’ குறி இடம்பெறும் அட்டைகளும் உண்டு.

சரி, யூனிகோடு எழுத்துகளை ஏற்கும் ‘ஆல்ஃபாயூனிகோடு’ விதியைப் போட்டால் தமிழ்ப் பெயர் செல்லுமே என்று நானும் நினைத்தேன். செல்லாது. காரணத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். அந்த விதி அனுமதிப்பது யூனிகோடில் ‘எல்’ வகை, அதாவது தனி எழுத்து என்று வகைப்படுத்தப்பட்ட குறிகளை மட்டும். தமிழில் உயிரெழுத்துகளும் அகரமேறிய மெய்களும் ஆய்தமும் அந்த வகை. கால், கொம்பு, கொக்கி, புள்ளி ஆகியவை ‘எம்’ வகை, அதாவது சேர்ப்புக் குறி. ‘முருகன்’ என்ற பெயரைப் பிரித்தால் ம, உகரக் குறி, ர, உகரக் குறி, க, ன, புள்ளி. ஏழில் மூன்று குறிகள் எம் வகை. விதி இரண்டாவது குறியிலேயே நின்றுவிடுகிறது. ‘கமல’ என்று குறியே இல்லாமல் எழுதினால் செல்லும், ‘கமலா’ செல்லாது. முதல் நாள் இந்த வேறுபாடு எனக்குப் பிடிபடவே இல்லை.

தீர்வு, சொந்த விதி. ஒவ்வொரு ரூனாக (கோ மொழியில் ஒரு யூனிகோடு குறி) எடுத்து, யூனிகோடு தொகுப்பின் இஸ்லெட்டர், இஸ்மார்க் இரண்டில் ஒன்று உண்மை என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். கூடவே வெற்றிடம், முற்றுப்புள்ளி, சாய்கோடு, ஒற்றை மேற்கோள், சிறுகோடு, ‘அட்’ குறி. அந்தச் செயற்கூறை ரெஜிஸ்டர்வேலிடேஷன் வழியாக ஒரு பெயர் கொடுத்துப் பதிந்துவிட்டால் மற்ற விதிகளைப் போலவே டேக்கில் எழுதலாம். ஜின் சட்டகத்தில் பைண்டிங் தொகுப்பின் வேலிடேட்டரிடமிருந்து எஞ்சினைப் பெற்று அதில் பதியவேண்டும். புதிதாக ஒரு வேலிடேட்டரை உருவாக்கி அதில் பதிந்தால் ஜின்னுக்கு அது தெரியாது. சர்வர் தொடங்கும்போதே, முதல் கோரிக்கை வருவதற்கு முன் பதிந்துவிடுங்கள்.

நீளத்திலும் இதே சிக்கல் உண்டு. ‘முருகன்’ நம் கண்ணுக்கு 4 எழுத்து. கோ மொழியின் லென் செயற்கூறுக்கு அது 21 பைட். தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் பிடிக்கும். வேலிடேட்டரின் ‘மின்’, ‘மேக்ஸ்’, ‘லென்’ விதிகள் சரங்களுக்கு ரூன்களை எண்ணும். அவற்றுக்கு இது 7. ‘கிருஷ்ணவேணி’ கண்ணுக்கு 6, ரூனில் 11, பைட்டில் 33. ஆங்கிலப் பெயர்களை மனத்தில் வைத்து ‘மேக்ஸ்’ சமம் 20 என்று எழுதினால், தந்தை பெயரோடு சேர்த்துத் தமிழில் எழுதுகிறவர் பாதியிலேயே முட்டிக்கொள்வார். நான் பெயருக்கு 200 ரூன் விட்டிருக்கிறேன். இட்ட உச்சவரம்பு வேண்டாத குப்பையைத் தடுக்கத்தான்; மனிதரை அளக்க இல்லை.

‘கோமதி’ என்று ஒருவர் இரண்டு முறை பதிந்தும் செயலி அவரை இரண்டு ஆட்களாக எண்ணினால், ஓகாரக் குறியைப் பாருங்கள். அது ஒரே குறியாகவும் வரலாம். ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்ந்தும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒன்றில் 5 ரூன், மற்றொன்றில் 6. ஒப்பிடுவதற்கு முன் நார்ம் தொகுப்பைக் கொண்டு எல்லாவற்றையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

குடும்பப் பெயர் என்ற புலத்தை நீக்கிவிடுங்கள். நம்மில் பலருக்கு அது இல்லை. கட்டாயம் என்று வைத்தால் புள்ளியையோ தந்தை பெயரையோ எழுதிவிட்டுப் போவார்கள். ‘அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பெயர்’ என்ற ஒரே புலம் போதும்.

“அடையாள அட்டை எண் தவறு என்கிறது”

பட்டர்வொர்த்தில் நடந்த ஒரு பதிவின்போது எழுபதைக் கடந்த அம்மையார் ஒருவரின் எண்ணைச் செயலி மறுத்தது. மேசையில் இருந்த இளைஞர் மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டு, “பாட்டி, அட்டையை இன்னொரு தடவை காட்டுங்கள்” என்றார். “எண்ணில் என்ன தப்பு, தம்பி? ஐம்பது வருடமாக இதே பிறந்த நாள்தானே” என்று அவர் கேட்டதாக இரவு எனக்குச் சொன்னார்கள்.

அட்டையின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த நாள்: ஆண்டு இரண்டு இலக்கம், மாதம், நாள். நான் அதை டைம் தொகுப்பின் பார்ஸ் செயற்கூறிடம் கொடுத்திருந்தேன். இரண்டு இலக்க ஆண்டு 69 அல்லது அதற்கு மேல் என்றால் கோ அதை 1900களில் வைக்கும். 68 வரை 2000களில் வைக்கும். 52 என்று தொடங்கிய அவருடைய எண் 2052 ஆகிவிட்டது. ‘பிறந்த நாள் எதிர்காலத்தில் இருக்கக்கூடாது’ என்ற என் விதி அவரை மறுத்தது. 1969க்கு முன் பிறந்த, நூறு வயதைத் தாண்டாத அத்தனை பேருக்கும் இது நடக்கும். இளைஞர்கள் மட்டும் சோதித்த செயலியில் இந்தப் பிழை வெளியே வராது. இப்போது, கிடைத்த தேதி இன்றைக்குப் பிந்தையது என்றால் 100 ஆண்டைக் கழிக்கிறேன். வயது முக்கியம் என்றால் பிறந்த நாளை நான்கு இலக்க ஆண்டோடு தனிப் புலமாகக் கேட்பதே நல்லது. நூறு வயதைத் தாண்டியவரையும் சிறு குழந்தையையும் இரண்டு இலக்கத்தால் பிரிக்க முடியாது.

எண்ணை முழு எண் வகையில் வைத்திருந்தால் இன்றே சரமாக மாற்றுங்கள். 2003இல் பிறந்தவரின் எண் 0 என்று தொடங்கும். ஜாவாஸ்கிரிப்ட் அதை எண்ணாக்கினால் 11 இலக்கம்தான் வந்துசேரும். 2000இல் பிறந்தவர் இரண்டு இலக்கத்தையாவது இழப்பார்; ஜனவரி முதல் செப்டம்பர் வரை பிறந்தவர் என்றால் மூன்று. மேற்கோள் குறி இல்லாமல் 0 என்று தொடங்கும் எண்ணை ஜேசான் ஏற்பதே இல்லை. போதாததற்கு, முழு எண் புலத்தில் ‘லென்’ சமம் 12 என்று எழுதினால் அதன் பொருள் “மதிப்பு 12 ஆக இருக்கவேண்டும்” என்பது. இலக்கங்களை அது எண்ணாது, எல்லோரையும் மறுக்கும்.

ஏழாவது, எட்டாவது இலக்கங்கள் பிறந்த இடம். பினாங்கு 07, கோலாலம்பூர் 14 என்று ஆரம்பித்து 01 முதல் 16 வரை மட்டும் அனுமதிக்கும் விதியைச் சிலர் எழுதுகிறார்கள். பினாங்குக்கு 34, 35 உம், கோலாலம்பூருக்கு 54 முதல் 57 வரையும் உண்டு. வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு வேறு எண்கள். பட்டியல் போட்டு அடைக்காதீர்கள். சிறுகோட்டோடு எழுதினாலும் ஏற்று, நீங்களே அதை நீக்கிக்கொள்ளுங்கள்.

கைபேசி எண்ணுக்கும் ஒரு வரி: 011 என்று தொடங்குபவை 11 இலக்கம், மற்றவை 10. பத்தோடு நிறுத்தும் விதி ஒரு கூட்டத்தையே வெளியே விட்டுவிடும்.

“ஜொகூர், கெடா ஏற்கிறது, பினாங்கும் கோலாலம்பூரும் செல்லவில்லை”

மாநிலப் புலத்தில் ‘ஒன்ஆஃப்’ விதி இருக்கும். அது தன் பட்டியலை வெற்றிடத்தால் பிரிக்கிறது. மலாயில் பூலாவ் பினாங், கோலா லும்பூர், நெகிரி செம்பிலான் எல்லாம் இரண்டு சொற்கள். ஆகவே ‘பூலாவ்’ ஒரு மாநிலம், ‘பினாங்’ இன்னொரு மாநிலம் என்று விதி எடுத்துக்கொள்கிறது. இரண்டு சொல் பெயர் ஒவ்வொன்றையும் ஒற்றை மேற்கோள் குறிக்குள் வையுங்கள். அதைவிட மாநிலங்களுக்குச் சிறு குறியீடுகள் வைத்து, பெயரைத் திரையில் மட்டும் காட்டுவது நிம்மதி. விதியின் மதிப்புக்குள் காற்புள்ளி வேண்டுமென்றால் நேரடியாக எழுத முடியாது, 0எக்ஸ்2சி என்று பதினறும எண்ணில் எழுதவேண்டும்.

“அஞ்சல் குறியீட்டில் பணத் தொகை வந்திருக்கிறது”

‘நியூமெரிக்’, ‘லென்’ சமம் 5 என்று எழுதியிருந்தேன். ஒருவர் நன்கொடைத் தொகையை இடம் மாற்றி 12.50 என்று தட்டினார். புள்ளியோடு சேர்த்துச் சரியாக 5 குறி. ‘நியூமெரிக்’ தசமப் புள்ளியையும் கூட்டல், கழித்தல் குறிகளையும் ஏற்கும். இலக்கம் மட்டும் வேண்டுமென்றால் ‘நம்பர்’. இந்தப் புலமும் சரமாகவே இருக்கட்டும்; கங்காரின் 01000, அலோர் ஸ்டாரின் 05000 இரண்டும் முன்னால் 0 கொண்டவை.

“கடப்பிதழ் கொடுத்தவரிடமும் அடையாள அட்டை கேட்கிறது”

‘ரிக்வயர்டு வித்தவுட்’ (நடுவில் அடிக்கோடு) என்பது, இன்னொரு புலம் காலியாக இருந்தால் மட்டும் இந்தப் புலத்தைக் கட்டாயமாக்கும் விதி. அதில் எழுதவேண்டியது ஸ்ட்ரக்டில் உள்ள புலப் பெயர். ஜேசான் பெயரை எழுதினால் அப்படி ஒரு புலமே இல்லை என்று கொண்டு, எப்போதும் கட்டாயமாக்கிவிடும். ‘ரிக்வயர்டு வித்’ விதியில் இதே தவறு நேர்ந்தால் விளைவு தலைகீழ்: எப்போதுமே கேட்காது.

சர்வர் திடீரென்று சரிந்தால்

வரையறுக்கப்படாத சரிபார்ப்புச் செயற்கூறு என்ற பேனிக் செய்தியில் விதியின் பெயரை உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் அதன் முன்னால் ஒரு வெற்றிடம் ஒட்டியிருக்கும். காற்புள்ளிக்குப் பின் இடம் விட்டதன் விளைவு. இது கம்பைல் செய்யும்போது தெரியாது, அந்த ஸ்ட்ரக்ட் முதன்முதலில் சரிபார்க்கப்படும்போதுதான் வெடிக்கும். ஒவ்வொரு ஸ்ட்ரக்டையும் ஒரு முறையேனும் சரிபார்க்கும் டெஸ்ட் எழுதி வையுங்கள்.

பிழையை விவரிக்கும் இடத்திலேயே சரிந்தால், வந்த பிழையை வேலிடேஷன்எரர்ஸ் வகை என்று சோதிக்காமல் மாற்றியிருப்பீர்கள். நில்லையோ ஸ்ட்ரக்ட் அல்லாததையோ கொடுத்தால் வருவது வேறு வகைப் பிழை.

“என்ன தப்பு என்றே புரியவில்லை”

லைப்ரரி தரும் செய்தி நிரலாளருக்கானது. மேசையில் இருக்கும் தொண்டர் அதை வைத்துக்கொண்டு எதிரில் நிற்பவரிடம் எதுவும் சொல்ல முடியாது. ஒவ்வொரு பிழையிலும் புலத்தின் பெயர், தவறிய விதி, விதியின் அளவு மூன்றும் தனித்தனியே கிடைக்கின்றன. ரெஜிஸ்டர்டேக்நேம்ஃபங்க் வழியாக ஜேசான் பெயரையே புலப் பெயராகக் கொடுக்கும்படி செய்து, புலமும் விதியும் சேர்ந்த ஒவ்வோர் இணைக்கும் தமிழிலும் மலாயிலும் ஒரு வாக்கியம் எழுதி வைத்திருக்கிறேன். “அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கம் வேண்டும், 11தான் வந்திருக்கிறது” என்பதுபோல, அடுத்து எங்கே பார்க்கவேண்டும் என்று அது சொல்லவேண்டும். புதிய விதி சேர்க்கும்போது அதற்கான வாக்கியத்தையும் அதே கமிட்டில் சேர்த்துவிடுங்கள். வாக்கியம் இல்லாத விதி ஏதேனும் இருந்தால் டெஸ்ட் தோற்கும்படி நான் அமைத்திருக்கிறேன்.